பின்னணியைக் கழித்தவள்

அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் இரண்டு விதமான பட்டங்கள் இருந்தன. ஒன்று, துறை சொல்லும் பாடங்களை வாயை மூடிக்கொண்டு படிப்பது. இன்னொன்று, பாதியை இயற்பியலிலும் மீதிப் பாதியை எந்தத் துறையிலிருந்து வேண்டுமானாலும் பொறுக்கிக்கொண்டும் படிப்பது. இரண்டாவதற்கு நெகிழ்வுப் பட்டம் என்று பெயர். 'உங்கள் பட்டத்தை நீங்களே வடிவமையுங்கள்' என்று அதன் விளம்பரத் தாளில் ஒரு பெண் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் புரியும். நெகிழ்வுப் பட்டத்தில் எல்லாமே நெகிழும், படிவங்களைத் தவிர.

இரண்டாம் ஆண்டு முடிவில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று உட்காரும். நீ பொறுக்கிய பாடங்களெல்லாம் ஏதோ ஒரு கேள்வியில் வந்து சேருகின்றன என்று அந்தக் குழுவை நம்பவைக்க வேண்டும். நம்பினால் மூன்றாம் ஆண்டும் உன் விருப்பம். நம்பாவிட்டால் வெளியிலிருந்து எடுத்ததையெல்லாம் கை கழுவிவிட்டு முதல் வகைப் பட்டத்துக்கு மாற வேண்டும். போன வருடம் கவிதையையும் வெப்ப இயக்கவியலையும் சேர்த்துப் படித்த ஒருவன் குழுவின் முன் அரைமணி நேரம் பேசினான். இப்போது அவன் வெப்ப இயக்கவியல் மட்டும் படிக்கிறான்.

இந்த வருடம் குழுவின் முன் நிற்கப்போகிறவர்களில் ஒருத்திக்கு வகுப்பில் அரைப்புள்ளி என்று பெயர். பேச்சில் நிறுத்துவது போலத் தெரியும், நிறுத்த மாட்டாள். "ஆனா" என்று ஒன்று போட்டுத் திரும்பவும் ஆரம்பிப்பாள். விரிவுரையாளர்கள் மணி அடித்த பிறகும் வெளியே போக முடியாமல் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்பதற்கு இவள்தான் காரணம்.

அவளுடைய கேள்வி ஒரே வரி. சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஏன் தலை வலிக்கிறது?

அவள் அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். போர்வை, படுக்கை விரிப்பு, அறுவைச் சிகிச்சை அங்கி எல்லாம் மேலேயிருந்து குழாய் வழியாக மூட்டை மூட்டையாக விழும். பதினைந்து சலவை இயந்திரங்கள், நான்கு ட்ரையர்கள், பதினொரு பெண்கள். பதினொரு பேருக்கும் தலைவலி. ஓய்வறைச் சுவரில் மாத்திரை அட்டையை ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள், நாட்காட்டி மாதிரி.

இதற்காகத்தான் அரைப்புள்ளி இயற்பியலில் அலைகளும் அதிர்வுகளும் எடுத்தாள். உடலியல் துறையில் காதும் மூளையும் என்ற பாடத்தில் போய் உட்கார்ந்தாள். புள்ளியியல் எடுத்தாள். மூன்றாம் ஆண்டில் கட்டடப் பொறியியல் துறையில் காற்றோட்ட அமைப்புகள் என்ற பாடத்துக்கு இடம் கேட்டு வைத்திருந்தாள். நான்கு துறைகளும் நான்கு மூலைகளில் இருந்ததால் பட்டம் கிடைக்கிறதோ இல்லையோ, கால் வலுவாகியிருந்தது.

மூன்று வாரம் துறையின் மைக்கை வாங்கிக்கொண்டு போய்ச் சலவைக்கூடத்தில் ஒலியைப் பதிவு செய்தாள். இயந்திரம் இயந்திரமாக, மணிக்கணக்காக. தினமும் காலை ஐந்தரை மணிக்கு, எந்த இயந்திரமும் ஓடாதபோது வெறும் கூடத்தையும் ஒரு பதிவு எடுத்தாள். அது பின்னணி. பிறகு எல்லாப் பதிவுகளிலிருந்தும் அந்தப் பின்னணியைக் கழித்தாள். இதை யாரும் அவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துறையின் ஆய்வகக் கையேட்டில் முதல் வரியே அதுதான்: 'முதலில் பின்னணியைக் கழிக்கவும்.' இயற்பியல் மாணவர்கள் பல் துலக்குவதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

இருபத்திரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதி மூன்று பிரதி கொடுத்தாகிவிட்டது. குழு ஒருங்கிணைப்பாளர் நடைபாதையில் பார்த்தபோது, "நல்லா வந்திருக்கும்மா, கவலைப்படாதே" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவர் அப்படி யாரிடமும் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

குழு கூட எட்டு நாள் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. அம்மா நாற்காலியில் சாய்ந்து கால்களை முக்காலியில் நீட்டிக்கொண்டு மகளின் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க ஊர்த்துணி துவைப்பதால் வீட்டுத்துணியை அவள் தொடுவதில்லை. அது மகள் பொறுப்பு. அரைப்புள்ளி வாளியருகே குந்தியிருந்தாள்.

"இந்த நீலக் கோடு என்னது?"

"மூணாம் நம்பர் ட்ரையர். இருக்கறதுலயே அதுதான் சத்தம் ஜாஸ்தி. ஆனா அதுவும் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப எங்களுக்குத் தலை வலிக்கலைன்னு எழுதியிருக்கியா?"

"வலிக்குது. ஆனா சத்தம் காரணமா இருக்க வாய்ப்பு கம்மி, வெப்பமும் வேலை அழுத்தமும் சேர்ந்து..."

"வேலை அழுத்தம்," என்றாள் அம்மா, புது மருந்தின் பெயரைப் படிப்பது போல. "காலைல கதவைத் திறந்து உள்ள காலை வைக்கறப்பவே கனமாயிடும்டி. அப்ப ஏது வேலை? ட்ரையர் போடறதே எட்டு மணிக்கு மேலதான்."

அரைப்புள்ளியின் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எந்த மெஷின் பக்கத்துல நின்னா வலிக்குதுன்னு ஒரு தாள் குடுத்த. பத்தொம்பது மெஷினும் அதுல இருந்துச்சு. ஏதாவது ஒண்ணுல வட்டம் போடணும்னு சொன்ன. எல்லாரும் மூணாம் நம்பர் ட்ரையர்ல போட்டோம்."

"ஏன் அதுல போட்டீங்க?"

"அதுதான் விரிப்பைக் கிழிக்குது. அந்தக் கோவம்."

அவள் ஈரக் கையோடு போய்க் கணினியைத் திறந்தாள். மூன்று வாரமாக எல்லாவற்றிலிருந்தும் கழித்துத் தூக்கிப்போட்டிருந்த அந்தப் பின்னணிப் பதிவை முதல் தடவையாகத் தனியாகப் போட்டுப் பார்த்தாள். வினாடிக்கு இருபத்து நான்கு அதிர்வு என்ற இடத்தில் ஒரு மலை நின்றது. மூன்றாம் நம்பர் ட்ரையர் அதன் பக்கத்தில் மண்மேடு.

"வெறும் ரூம்ல என்னம்மா ஓடும்?"

"மேல கூரைக்குள்ள பெரிய காத்தாடி இருக்கில்ல. அது எப்பவும் ஓடும். சத்தமே வராது, நெஞ்சுல கை வச்ச மாதிரி இருக்கும். அது இல்லன்னா நாங்க வெந்துடுவோம்."

பதிவு எடுக்கப் போன முதல் நாளே அந்தக் காற்றாடியை அரைப்புள்ளியும் பார்த்திருந்தாள். குறிப்பேட்டில் 'பின்னணி' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை விடிந்ததும் விஷயத்தைத் தன் ஆய்வகக் கூட்டாளியிடம் சொன்னாள். அவனுக்கு மின்தடை என்று பெயர். எதைச் சொன்னாலும் முதலில் தடுப்பான், பிறகு சூடாவான், கடைசியில் கொஞ்சம் விடுவான்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு. அம்மாவுக்கு. இப்ப உனக்கு."

"நல்லது. இதோட நிறுத்திக்குவோம். குழு கேக்கறது பாடமெல்லாம் ஒரு கேள்வில சேருதான்னுதான். சேருது. கையெழுத்தை வாங்கு. மூணாவது வருஷம் உட்கார்ந்து சாவகாசமா திருத்திக்கோ. யாரு கேக்கப்போறா?"

"அவங்க முன்னாடி நின்னு தப்புன்னு தெரிஞ்சதைச் சரின்னு சொல்லணும்."

"சரின்னு சொல்லாதே. சும்மா பக்கத்தைத் திருப்பு. படம் அழகா இருக்கு, அதுவே பேசிக்கும்."

"அந்த அறிக்கைல சத்தம் காரணமில்லைன்னு இருக்குடா. அது ஆஸ்பத்திரிக்காரன் கைல கிடைச்சா பதினோரு பேருக்கும் இனிமே வாழ்நாள் பூரா வேலை அழுத்தம்தான்."

மின்தடை கொஞ்ச நேரம் சூடானான். "உன்னைத் தூக்கி முதல் வகைல போட்டுடுவாங்க. மாறிலி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கார்."

மாறிலி என்பது துறைத் தலைவர். அவருடைய சட்டையும் கருத்தும் மாறியதை யாரும் பார்த்ததில்லை. நன்றாக மதிப்பெண் எடுக்கும் ஒரு பெண் காது, கட்டடம் என்று ஊர் மேய்கிறாள் என்பது அவருக்கு இரண்டு வருடமாக உறுத்தல். குழுவில் அவரும் உண்டு. ஆய்வகக் கையேட்டை எழுதியவரும் அவரே.

"ஆறு நாள் இருக்கு," என்றாள் அரைப்புள்ளி. "திங்கள்லேருந்து சனி வரைக்கும்."

"ஆறு நாள்ல என்ன பண்ணுவே?"

"தெரியல. ஆனா ஆறு நாள் இருக்கு."

மின்தடை கொஞ்சம் விட்டான். அவளுக்காக இரண்டு வகுப்பில் வருகை சொல்வதாக ஒத்துக்கொண்டான், ஒன்றில் பெண் குரலில்.

மருத்துவமனையின் பராமரிப்பு மெக்கானிக் அடித்தளத்தில் ஒரு கம்பி வலைக்குள் உட்கார்ந்திருப்பார். கூரைக் காற்றாடிக்கு இரண்டு வேகம் உண்டு என்றும், இரண்டுமே விதிப்படி சரிதான் என்றும், எப்போதும் அதிக வேகத்தில் ஓடுவதற்கு ஒரே காரணம் யாரும் மாற்றாததுதான் என்றும் அவர் சொன்னார்.

"மாத்தணும்ண்ணே. ஆனா எந்த நாள் எந்த வேகம்னு எனக்கே தெரியக் கூடாது. இன்னிக்கு இப்பவே, நாளைலேருந்து தினம் விடியக்காலைல காசு சுண்டிப் பாருங்க. தலை விழுந்தா வேகம், பூ விழுந்தா மெது. எழுதிப் பையில வச்சுக்குங்க. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உங்கம்மாகிட்ட?"

"முக்கியமா அம்மாகிட்ட."

அவர் வாழ்க்கையில் இதுவரை யாரும் அவரிடம் ரகசியம் ஒப்படைத்ததில்லை போலும். அன்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினார்.

பதினொரு பெண்களும் தினமும் மதிய இடைவேளையில், மூட்டையில் கட்டும் துணிச்சீட்டில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் படுத்துவிட வேண்டும். பெயர் வேண்டாம். இந்த முறை எந்த இயந்திரம் என்று அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமையே ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். மடிப்பு மேசையில் நிற்பவள். வாய் அதிகம் என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவளும் மறுப்பதில்லை.

"ஏன் கண்ணு, நேத்து பத்து போட்டேன், இன்னிக்கும் பத்து. நம்ப மாட்டியே?"

"ரெண்டு நாளும் அவ்வளவு வலியாக்கா?"

"வீட்டுக்காரன் ஊர்லேருந்து வந்திருக்கான். அதையும் சேர்த்துத்தான் போட்டேன்."

"அதைச் சேர்க்காம போடுங்கக்கா."

"அதைப் பிரிச்செடுக்க என்னால ஆகாது. நீதானே படிக்கறே, கழிச்சுக்கோ."

அரைப்புள்ளி பெட்டியை மூடினாள். "இல்லக்கா. இனிமே எதையும் கேக்காம கழிக்கறதா இல்ல. பத்துன்னே இருக்கட்டும்."

பதிவு எடுத்தாள், ஆனால் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். பார்க்காமல் இருப்பதுதான் அந்த வாரத்தின் பெரிய உடற்பயிற்சி. காலையில் கூடத்துக்கு ஓடி மைக்கை வைத்தாள், வகுப்புக்கு ஓடினாள், மதியம் சீட்டுகளை எடுக்க ஓடினாள், மறுபடி வகுப்புக்கு ஓடினாள். புதன்கிழமை பேருந்து வராததால் நடந்தே வந்தாள், ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் புள்ளியியல் புத்தகம். ஆறு நாள் போதாது என்று அந்தப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் சொன்னது. தெரியும் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான்கு நாள் வேகம், இரண்டு நாள் மெது. வேக நாட்களில் சராசரி வலி ஆறுக்கு மேல். மெது நாட்களில் மூன்றரை. இருபத்து நான்கில் நின்ற மலை மெது நாட்களில் காணாமல் போயிருந்தது, அதைவிடக் கீழே ஒரு சின்ன மேடு மட்டும்.

திங்கட்கிழமை குழு கூடியது. நீளமான மேசை. நடுவில் ஒருங்கிணைப்பாளர், வலப்பக்கம் மாறிலி, இடப்பக்கம் உடலியல் பேராசிரியை. அவரை மாணவர்கள் காது மேடம் என்பார்கள். மூவர் முன்னும் அந்த இருபத்திரண்டு பக்கம்.

"ஆரம்பிக்கலாம்மா," என்றார் ஒருங்கிணைப்பாளர். முகத்தில் ஏற்கெனவே பாதி சம்மதம் இருந்தது.

"உங்க கைல இருக்கற அறிக்கை தப்பு சார்," என்றாள் அரைப்புள்ளி.

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பக்கம்?"

"ஒன்பதாம் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும். முதல் எட்டுப் பக்கம் முன்னுரை, அதுல ஒண்ணும் இல்ல."

நடந்ததைச் சொன்னாள். பின்னணி, அம்மா, காற்றாடி, காசு, சீட்டு. தடுமாறினாள், ஒரு படத்தைத் தலைகீழாகப் போட்டாள், நேராக்கினாள், தொடர்ந்தாள். பன்னிரண்டு நிமிடம் யாரும் குறுக்கிடவில்லை. பிறகு மாறிலி தொண்டையைச் செருமினார்.

"இதைத்தான் நான் ரெண்டு வருஷமா சொல்றேன். நாலு பக்கமும் ஓடினா ஒண்ணும் ஒழுங்கா வராது. எதைக் கழிக்கணும், எதைக் கழிக்கக் கூடாதுன்னு முழு இயற்பியல் படிக்கறவனுக்குத் தெரியும்."

"கழிக்கறதை நான் இயற்பியல்லதான் கத்துக்கிட்டேன் சார். கையேட்டுல முதல் வரி."

காது மேடம் தன் பிரதியில் எதையோ மிக அக்கறையாகப் படித்தார்.

"கையேட்டைக் குறை சொல்றியா?"

"இல்ல சார். என்னைத்தான் சொல்றேன். அது பின்னணின்னு நானா முடிவு பண்ணினேன். எனக்கு அது பின்னணி. மைக்கை வச்சுட்டு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுவேன். அவங்க பத்து மணிநேரம் அதுக்குள்ளதான் இருக்காங்க. அதை அவங்ககிட்ட கேட்டிருக்கணும், கேக்கல."

மாறிலி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆள் பிடிவாதக்காரரே தவிர, ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்கத் தெரியாது. "காத்தாடி மெதுவா ஓடினா ரூம் சூடாகும். அதை வச்சு எந்த நாள் எதுன்னு அவங்க கண்டுபிடிச்சிருப்பாங்க. உன் காசெல்லாம் வீண்."

"கண்டுபிடிச்சிருக்கலாம் சார். ஆனா அவங்களைப் பொறுத்தவரைக்கும் காத்தாடிதான் அவங்களைக் காப்பாத்துது. சூடானா வலி கூடும்னுதான் நினைப்பாங்க. எண்ணு குறைஞ்சிருக்கு."

"ஆறே நாள்."

"ஆமா சார். போதாது. பெரிசா எதையும் நிரூபிக்கல. ஒரு அக்கா எல்லா நாளும் பத்து போட்டிருக்காங்க, அதையும் எடுக்காமத்தான் வச்சிருக்கேன்."

காது மேடம் நிமிர்ந்தார். "இருபத்து நாலு அதிர்வுங்கறது காதுக்கு எட்டறதும் எட்டாததுமா இருக்கற இடம். இது காது வழியா தலைக்குப் போகுதா, உடம்பு வழியாவா?"

"தெரியாது மேடம்."

"ஊகம்?"

"ஊகமும் இல்ல. உங்க மூணாம் வருஷப் பாடத்துல அது ஆறாவது வாரம் வருது. அதுக்கு முன்னாடி நான் ஊகிச்சா மறுபடியும் மூணாம் நம்பர் ட்ரையராத்தான் போகும்."

மாறிலி சாய்ந்து உட்கார்ந்தார். "இதை எப்படிப் பாஸ் பண்றது? குடுத்த அறிக்கையை அவளே தப்புங்கறா. புதுசா கொண்டுவந்தது போதாதுன்னும் அவளே சொல்றா."

எல்லோரும் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள். அவர் விதிகளின் மனிதர். மேசை இழுப்பறையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து விரலால் தடவித் தடவிப் படித்தார். அரைப்புள்ளிக்கு இரண்டு வருடமும் அந்த விரல் நுனியில் தொங்கின. காற்றோட்டப் பாடத்தின் இடம், ஆறாவது வாரம், நான்கு மூலைகள், எல்லாம்.

"மாணவரின் பாடங்கள் ஒரு கேள்வியில் சேர வேண்டும்," என்று படித்தார். "கேள்வின்னுதான் போட்டிருக்கு. விடை சரியா இருக்கணும்னு எங்கயும் இல்ல." இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "இல்லவே இல்ல. இருபது வருஷமா இதை யாரும் கவனிக்கல போலிருக்கு."

"பாடங்கள் சேருது," என்றார் காது மேடம். "அவளுக்குத் தெரியாத இடம் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியுது. நான் கையெழுத்துப் போடறேன்." போட்டார்.

ஒருங்கிணைப்பாளர் போட்டார். தாள் மாறிலியிடம் போனது. இரண்டு கையெழுத்து போதாது, மூன்றும் வேண்டும்.

"பழைய அறிக்கையோட வந்திருந்தா உனக்குப் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அது தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்படி வந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டேன்." இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. "நானும் அதைக் கழிச்சிருப்பேன். ஒரு நிபந்தனை. அளவீட்டுப் பிழைகள்னு ஒரு பாடம் எடுக்கறேன். காலைல எட்டு மணி. அஞ்சு வருஷமா யாரும் சேரல. நீ சேரணும்."

"சேர்றேன் சார். ஆனா மைக் எனக்கு இன்னும் நாலு மாசம் வேணும்."

"பேரம் பேசறியா?"

"இல்ல சார். ஆனா வேணும்."

மாறிலி கையெழுத்துப் போட்டார். மைக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை.

வெளியே மின்தடை சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் தாளைக் காட்டினாள். அவன் மூன்று கையெழுத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "மை காயல," என்றான். பிறகு, "காபி வாங்கித் தரேன், வா."

"அப்புறம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அம்மாகிட்ட போன்ல சொல்லேன்."

"அம்மாகிட்ட இல்ல."

மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில் நிர்வாக அதிகாரியின் அறை இருந்தது. அங்கே எந்தக் காற்றாடியின் சத்தமும் எட்டவில்லை. உதவியாளர் கண்ணை உயர்த்தாமலே, சார் கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். யாரை வரச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

"சலவைக்கூடத்துக் காத்தாடி விஷயமா பேசணும். நாலு மாசம் தொடர்ந்து அளக்க அனுமதி வேணும். அதுவரைக்கும் மெதுவா ஓடட்டும்னு ஒரு உத்தரவும்."

இப்போது உதவியாளர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"இயற்பியல் மாணவி."

"இயற்பியலுக்கும் சலவைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதை இப்பத்தான் மூணு பேர்கிட்ட சொல்லிட்டு வரேன். உங்களுக்கும் சொல்றேன், பன்னெண்டு நிமிஷம் ஆகும்."

"சார் எப்ப வருவார்னு எனக்கே தெரியாது."

"பரவாயில்ல," என்று அரைப்புள்ளி பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு அடுத்த வருஷம் முடியற வரைக்கும் நேரம் இருக்கு."